எரிந்த இடத்தில் எரியாத காற்றுத்திரை

அனுப்புநர்
ஒபதியா ராஸர்,
மூப்பர், எபெனேசர் சிற்றாலயம்,
தொழிலாளர் தரப்புச் சுரங்கப் பார்வையாளர்,
குவம் ரெடின், வேல்ஸ்.

பெறுநர்
உயர்திரு ஹெர்பர்ட் லாஸ்கோம்ப் அவர்கள்,
அரசுச் சுரங்க ஆய்வாளர்.

பொருள்: குவம் ரெடின் நிலக்கரிச் சுரங்கத்தின் கிழக்குப் பக்கத்தில் 9.11.1909 அன்று நேர்ந்த வெடிப்புக்கு, இறந்துபோன இத்தேல் ப்ரோபர்ட் புகைபிடித்ததே காரணம் என்று தாங்கள் அளித்த முடிவைத் திரும்பப் பெறவும், அப்பக்கத்தைத் திறக்குமுன் மீண்டும் ஆய்வு செய்யவும் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

மனுவைத் தொடங்குமுன் வணங்குவது முறை. அவ்வாறே வணங்குகிறேன். வணங்குவது தங்கள் பதவியை மட்டுமே என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொய்ச்சாட்சி கூடாது என்ற கட்டளை மனு எழுதுபவனுக்கும் உண்டு.

1. நான் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து, மீசை முளைக்குமுன் நிலக்கரி வெட்டத் தொடங்கியவன். தொழிலாளர்கள் தம்முள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சுரங்கத்தைப் பார்வையிட அனுப்பலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்ற முறையில் அந்தச் செவ்வாய்க்கிழமை தங்களுடன் நடந்தேன். என் கண் காணாதவற்றைக் கண்டவர் யார் என்பதை அந்தந்த இடத்தில் குறித்திருக்கிறேன்.

2. ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார் என்பது தங்கள் துறையின் பெருமை. எங்கள் ஊருக்கு அச்செய்தி கசாப்புக்கடை வழியாக வந்துவிடும். மேலாளர் திரு. ஸ்டாண்டிஷ் வீட்டுக்கு முழு ஆட்டுத்தொடை மலையேறிப் போனால், மறுநாள் ஆய்வாளர் குழிக்குள் இறங்குவார். திங்கட்கிழமை தொடை ஏறியது. மேற்குப் பக்கத்து ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டதை என் காதால் கேட்டேன்: "டேய், தொடை ஏறிடுச்சுடா! நாளைக்கு நமக்குக் காத்து வரும். கம்பளிச் சட்டைய எடுத்து வச்சுக்க, பழக்கமில்லாத ஒடம்பு, சளி புடிச்சுக்கும்." இதைக் கேட்டு நின்ற கிழக்குப் பக்கத்து இத்தேல் ப்ரோபர்ட், "அந்தக் காத்து எங்க பக்கத்துலேருந்துதானே அண்ணே வரணும்?" என்றார். அவர் சிரிக்கவில்லை.

3. இத்தேல் சொன்னதன் பொருளைத் தாங்கள் அறிவீர்கள். ஆயினும் அறியாதவர் கையில் இம்மனு சேருமானால் அவருக்காக எழுதுகிறேன். நிலக்கரியிலிருந்து எரியும் வாயு ஓயாமல் கசிந்துகொண்டிருக்கும். அதை அடித்துப்போக நல்ல காற்று, நிலக்கரி வெட்டும் இடமான வெட்டுமுகம் வரை செல்ல வேண்டும். தார் பூசிய கெட்டித்துணியைக் கூரையிலிருந்து தரைவரை தொங்கவிட்டு அந்தக் காற்றைத் திருப்புவோம். அதுவே காற்றுத்திரை. திரை இல்லாத இடத்தில் காற்று வந்த வழியே திரும்பிவிடும், வாயு தங்கிவிடும். வாயு சேர்ந்தால் எங்கள் விளக்குச் சுடரின்மேல் நீலம் ஏறும்; சுடரை உள்ளே அடைத்துவைக்கும் கம்பிவலை பழுத்துச் சிவந்துவிட்டால் தீ வெளியே பாய்ந்து வாயுவைப் பற்றிக்கொள்ளும். குவம் ரெடினில் இரண்டு பக்கங்கள் உண்டு, ஒரு பக்கத்துக்குப் போதுமான திரைதான் உண்டு. தாங்கள் வரும் நாட்களில் அது தங்கள் கால்கள் நடக்கும் பக்கத்துக்கு இடம் மாறும். கூடவே தங்கள் வழிநெடுகச் சுவர்களுக்குச் சுண்ணாம்பும் அடிக்கப்படும். அநியாயம் செய்த நியாயாதிபதியை 'வெள்ளையடித்த சுவரே' என்று அழைத்து அப்போஸ்தலர் ஒருவர் நீதிமன்றத்தில் சொன்ன வார்த்தை தங்களுக்கு நினைவிருக்கும். அதன் மீதியை இங்கே எழுதுவது மரியாதை ஆகாது.

4. அவ்வாறு மேற்கே வந்த திரைகளில் ஒன்றை நான் அடையாளம் கண்டேன். கிழிந்திருந்த அதற்கு இத்தேல் தம்முடைய பழைய சிவப்புக் கம்பளிச் சட்டையை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தார். புதுத் திரை கேட்டுச் சலித்துப்போய் அவரே செய்துகொண்ட வேலை அது. "இத்தேலு தான் குளிர்ல நடுங்கினாலும் பரவால்லன்னு திரைக்குச் சட்டை போட்டு விட்டிருக்கான்" என்று கிழக்கே எல்லாரும் அவரைக் கேலி செய்வார்கள். அந்தச் சிவப்பு ஒட்டைத் தாங்களும் கண்டீர்கள். விளக்கை உயர்த்திப் பார்த்து, இது என்ன உங்கள் கொடியா என்று கேட்டுச் சிரித்தீர்கள். அப்போது நான் என் குறை ஆங்கிலத்தில், இது கிழக்குப் பக்கத்தின் திரை, இது இங்கே இருந்தால் அங்கே இல்லை, தயவுசெய்து கிழக்கே வாருங்கள் என்று தங்களிடம் சொன்னேன். துணை மேலாளர் இடையில் புகுந்து, "அவங்களுக்குப் புதுசு மாட்டியாச்சு பெரியவரே, வந்த விருந்தாளிய ஏன் இழுத்தடிக்கிறீங்க?" என்று எங்கள் மொழியில் என்னைக் கடிந்தார். தாங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். கிழக்கை அடுத்த முறை பார்க்கலாம் என்றீர்கள். மேலே ஆட்டுத்தொடை ஆறிக்கொண்டிருந்தது.

5. தாங்கள் உணவுக்கு அமர்ந்த வேளையில் கிழக்கே நடந்ததை, இத்தேலின் வேலைக்கூட்டாளி ரித்தர்க் கெத்தின் சொல்லக் கேட்டு எழுதுகிறேன். அவர் இன்றும் இரு கைகளிலும் எண்ணெய்த் துணி சுற்றிப் படுத்திருக்கிறார். அவர் சொன்னது: "காலையிலேருந்தே மூச்சு முட்டுச்சு மூப்பரே. குதிர உள்ள வரமாட்டேன்னு அடம் புடிச்சுது. வெளக்குச் சுடர் மேல நீலமா ஒரு தொப்பி நின்னுச்சு. இத்தேல் பாத்துட்டு, 'ரித்தர்க், சாமானப் போடு, நட, ஓடாத'ன்னான். நா வெளிய நடந்துட்டிருந்தேன். அவன் உள்ள முனையில இருந்த ரெண்டு பேர அனுப்பிட்டு வரேன்னு போனான். திரும்பிப் பாத்தா அவன் வெளக்கோட கம்பிவலை செவசெவன்னு பழுத்திருக்கு. அத அசைக்காம, தாய் புள்ளையத் தூக்கற மாதிரி, தாழ இறக்குனான். அதுக்குள்ள..." வெடித்தது அந்த நொடியில்தான். உள்முனையில் இருந்த இருவரில் ஒருவர் தீப்புண்ணோடும் மற்றவர் காயமின்றியும் உயிரோடு இருக்கிறார்கள். இத்தேல் இல்லை.

6. எங்களுள் ஒரு வழக்கம் உண்டு. சுரங்கத்தில் ஒருவர் இறந்தால் அந்த நொடியில் எல்லாரும் கருவிகளைக் கீழே வைத்துவிடுவோம். ஒருவரும் குழிக்குள் தங்கமாட்டோம். இறந்தவரை முன்னே விட்டு, பின்னே அனைவரும் நடந்து, அவர் வீட்டு வாசல்வரை பாடிக்கொண்டு போவோம். எங்கள் தகப்பன்மார் செய்தது, அவர்கள் தகப்பன்மார் செய்தது. அன்றும் அப்படியே செய்தோம்; பாட்டை எடுத்துக்கொடுத்தவன் நானே. மலை முழுவதும் கேட்கும்படி நாங்கள் இத்தேலுக்காகப் பாடிக்கொண்டிருந்தபோது, குவம் ரெடின் சுரங்கத்துக்குள் மேலாளரின் ஆட்களைத் தவிர ஒரு கண்ணும் இல்லை. எங்கள் பக்தியே அவர்களுக்குச் சாவியாயிற்று.

7. மறுநாள் தாங்கள் மேலாளருடன் கிழக்கே இறங்கினீர்கள். தாங்கள் ஏறிய பிறகே என்னை இறங்க விட்டார்கள். நான் கண்டதை எழுதுகிறேன். தாங்கு கம்பங்கள் கரிந்து, அவற்றின்மேல் நிலக்கரித் தூள் வெந்து ஓடாய்ப் படிந்திருந்தது. வண்டியின் பலகை எரிந்திருந்தது. இத்தேலின் தொப்பி இருந்த இடத்தில் சாம்பல் இருந்தது. அவற்றுக்கு நடுவே, தார் மணம் மாறாமல், ஒரு நூலும் கருகாமல், காற்றுத்திரை முறையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் சிவப்புக் கம்பளி ஒட்டும் இருந்தது. ஐயா, மூன்று வாலிபர்கள் சூளையிலிருந்து மயிர் கருகாமல் வெளிவந்த வரலாற்றை நான் விசுவாசிக்கிறேன். தார்த்துணிக்கும் அந்த அற்புதம் நடந்தது என்று விசுவாசிக்க எனக்கு அருள் போதவில்லை. அந்தத் திரையைக் கடக்காமல் இத்தேல் விழுந்த இடத்துக்குப் போக வேறு வழியே கிடையாது. முந்தின நாள் பார்த்துச் சிரித்த அதே ஒட்டின் அருகே குனிந்து தாங்கள் போயிருக்கிறீர்கள். கண் இருந்தும் காணாதவரைப் பற்றித் தீர்க்கதரிசிகள் நிறையவே பேசியிருக்கிறார்கள். அப்படிக் காணாதவர்களுக்குச் சம்பளம் கொடுத்து அனுப்பும் அரசைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாமல் விட்டார்கள்.

8. இனித் தங்கள் முடிவுக்கு வருகிறேன். இத்தேலின் கால்சட்டைப் பையில் புகையிலை வைத்த தகரச் சிமிழ் கிடைத்தது. ஆகவே அவர் புகைபிடித்தார். ஆகவே வெடித்தது என்கிறீர்கள். தீக்குச்சி கிடைத்ததா? இல்லை. புகைக்குழாய் கிடைத்ததா? இல்லை. குழிக்குள் புகைக்கக் கூடாது என்பதாலேயே எங்கள் தொழிலாளர் அனைவரும் புகையிலையை மெல்லுகிறார்கள். வாய் உலராமலும், தூள் தொண்டைக்குள் இறங்காமலும் இருக்க அது உதவுகிறது. ஆயுள் முழுவதும் சுரங்கங்களை ஆய்ந்த தாங்கள் அவர்களின் கன்னத்தை ஒருமுறையும் பார்த்ததில்லை போலும். மெல்லும் புகையிலை தீப்பிடிக்குமானால் எங்கள் சிற்றாலயத்தின் பின்வரிசை என்றோ சாம்பலாகியிருக்கும். ரித்தர்க் இதையும், விளக்கின் கம்பிவலை சிவந்ததையும், திரை போனதையும் படுக்கையில் கிடந்தபடியே தங்களுக்குக் கால்மணி நேரம் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தங்களுக்கு எங்கள் மொழி தெரியாது. இடையில் மொழிபெயர்க்க அமர்த்தப்பட்டவர் மேலாளரின் எழுத்தர். அவர் அத்தனையையும் ஒரே வரியில் முடித்தார். கால்மணி நேரப் பேச்சு எப்படி ஒரு வரியாயிற்று என்று தாங்கள் வியக்கவும் இல்லை.

9. எங்கள் பழம்பாடல்கள் உலகத்து உண்மைகளை மும்மூன்றாய் அடுக்கும். அந்த மரபில் நானும் ஒன்று கட்டினேன். ஊருக்கு உதவாதவை மூன்று: வருபவர் எல்லாருக்கும் வாலாட்டும் காவல்நாய், ஈரச்சுவரை மூடும் சுண்ணாம்பு, விருந்துண்ட வீட்டில் எழுதிய தீர்ப்பு. யாப்பில் பிழை இருந்தால் பொறுத்தருள்க. பொருளில் பிழை இருந்தால் மறுப்பு எழுதுக.

10. வரும் திங்கட்கிழமை கிழக்குப் பக்கத்தைத் திறக்க மேலாளர் உத்தரவிட்டிருக்கிறார். குற்றம் இறந்தவனுடையது என்று தாங்கள் எழுதிவிட்டதால், உயிரோடிருப்பவர் எதையும் திருத்த வேண்டியதில்லை அல்லவா? இத்தேலின் பெயர்மேல் தாங்கள் வைத்த கறையே அந்தக் கதவைத் திறக்கிறது. ஆகவே நாங்கள் கோருவன: இத்தேல் ப்ரோபர்ட் மீதான முடிவைத் தாங்களே எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். ரித்தர்க்கின் வாக்குமூலத்தை, கம்பெனியின் சம்பளம் வாங்காத ஒருவரை மொழிபெயர்க்க வைத்து மீண்டும் கேட்க வேண்டும். இரு பக்கங்களுக்கும் தனித்தனியே திரை மாட்டப்பட்டதைத் தங்கள் கையால் தொட்டுப் பார்க்கும்வரை கிழக்குப் பக்கம் மூடியிருக்க வேண்டும்.

11. எங்கள் பங்குக்கு நாங்கள் செய்ததையும் தெரிவிக்கிறேன். கடந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஆலயத்திலேயே கூடி முடிவெடுத்தோம். இனி இந்தச் சுரங்கத்தில் எவர் இறந்தாலும், இருவர் ஊர்வலத்தில் சேராமல் இறந்த இடத்திலேயே காவல் நிற்பார்கள். முதியவர்கள் சிலர் அழுதார்கள். "பொணத்துக்குப் பின்னாடி நடக்காத மனுசன் என்ன மனுசன்?" என்று ஒருவர் கேட்டார். நானோ முடிவுக்கு ஆதரவாகக் கையை உயர்த்தினேன். பஞ்சமும் கதவடைப்பும் உடைக்காத வழக்கத்தைத் தங்கள் ஒரு மதிய உணவு உடைத்தது. தாங்கள் வரும்வரை கிழக்குப் பக்கத்து ஆட்கள் குழிக்குள் இறக்கும் தூக்குக்கூண்டில் ஏறமாட்டார்கள் என்பதையும் அறியவும்.

12. வருவதானால் மேலாளருக்குக் கடிதம் எழுதாமல் வாருங்கள். உணவுக்கும் அவர் வீட்டுக்குப் போக வேண்டாம். குழிவாய்க்கு மிக அருகில் இருப்பது ப்ரோபர்ட் வீடு. இத்தேலின் மனைவி லவ்ரி தங்களுக்குத் தேநீரும் ரொட்டியும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வரட்டும் மூப்பரே. ஒக்காந்து சாப்பிடட்டும், நா ஒண்ணும் ஏசமாட்டேன். எம் புருசன் பொகச்சுத்தான் செத்தான்னு எம் மூஞ்சியப் பாத்து ஒரே ஒரு தடவ சொல்லிட்டுப் போகட்டும்."

அதைச் செய்யத் தங்களால் இயலுமானால் இம்மனுவைக் கிழித்துவிடலாம். இயலாதெனில், தங்கள் முடிவைக் கிழியுங்கள்.

இடம்: குவம் ரெடின்
நாள்: 18 நவம்பர் 1909

கிழக்குப் பக்கத்துத் தொழிலாளர் அனைவருக்காகவும்,
(ஒப்பம்)
ஒபதியா ராஸர்