உத்தமன் எந்தக் குழாயில்?

அக்கா,

முந்தாநாள் காலையில் உன் ஆய்வகத் தோழி ரித்து ஒரு படம் அனுப்பினாள். உறைபனி பூத்த மூன்று குட்டிக் குழாய்கள். மூன்றிலும் என் கையெழுத்து. "சோட்டி, இதில் சரியானது எது? ஜல்தி பதா." சீக்கிரம் சொல்லவேண்டுமாம்.

நீ போய் ஏழு மாதம். இன்னும் அவளுக்குத்தான் அவசரம்.

குழாய்களில் இருப்பது ஆன்டிபாடி; நல்லதை ஆய்வகத்தில் மற்றவர்கள் சொல்லாமலே எடுத்துவிடுகிறார்கள் என்று அலுத்துக்கொள்வாய். அதனால் யாருக்கும் புரியாத தமிழில் பெயர். உனக்குத் தமிழ் எழுத்து கோணும். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் நான்தான் சாப்பாட்டு மேசையில் ஸ்டிக்கர் எழுதினேன். செல்லுக்குள் ஒரு சவ்விலிருந்து இன்னொன்றுக்குக் கொழுப்பைக் கடத்தும் புரதம் ஒன்று உண்டு. அதைத் தேடிப்பிடித்து ஒட்டுவதுதான் இந்த ஆன்டிபாடியின் வேலை என்றாய்.

"கொழுப்புதானே? எங்கிட்டயே எக்கச்சக்கமா இருக்கு. என்னை ஆராய்ச்சி பண்ணேன்!"

"அதை அளக்க இன்னும் மெஷின் வரலடி, வாலு. ஒழுங்கா எழுது."

எதிலுமே ஒட்டாததற்கு 'முசுடு'. கண்டதிலெல்லாம் ஒட்டியதற்கு 'ஜொள்ளு'. தன் புரதத்தை மட்டும் பிடித்ததற்கு 'உத்தமன்'. உன் நோட்டிலும் அதே பெயர்கள்தான்.

உத்தமனை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. என் பதினைந்தாவது பிறந்தநாளில் கேக் உனக்காகக் காத்திருந்தது. நீ அவனை ஐஸில் வைத்துச் சீராட்டிக்கொண்டிருந்தாய். பக்கத்தில் ரித்து, உன் டிபனில் பாதியைத் தின்றபடி. கடைசியாக டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோதும் அவளிடம் அரை மணி நேரம் பேசினாய். என்னிடம், "போய்த் தூங்குடி."

அந்தப் புரதம் மூளைச் செல்களில் இருக்கிறதா என்பதுதானே உன் கேள்வி? நீ சேர்த்துவைத்த மூளைச் செல் சாம்பிள் ஒரே ஒரு சோதனைக்குத்தான் மிச்சமாம். தப்பான குழாயை எடுத்தால் உன் வேலை அத்தோடு காலி.

நடுவில் இருந்தது ஜொள்ளு. "பீச் வாலா", நடுவில் இருப்பது என்று அடித்தேவிட்டேன், அக்கா. அவளுக்கும் உத்தமனுக்கும் சேர்த்து ஒரே குட்டு. அனுப்பப் போனபோது, சோதனை சொதப்பிய நாட்களில் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு நீ அழுவது காதில் விழுந்தது. அழித்துவிட்டு, உத்தமன் இருந்த வலது ஓரத்தைச் சொல்லி அனுப்பினேன்.

இன்று மாலை அவளிடமிருந்து சோதனை முடிவின் படம் வந்தது. வெள்ளைப் பரப்பில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. வேறெங்கும் ஒரு பிசிறுகூட இல்லை. இருக்கிறது, அக்கா. மூளைச் செல்லில் உன் புரதம் இருக்கிறது.

நீ இரண்டு வருஷம் தேடிய கோட்டை நீ பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேன். இனி பொறாமைப்பட வேண்டியது நீதான். நன்றாகப் படு. அந்தப் படம் இருக்கும் ஃபோனை நான் கீழே வைப்பதாக இல்லை.