வாளிக்கு அடியில் வைத்த மூடி

அண்ணி,

இன்று பின்னேரம் தக்காளிச் செடியில் ஒரு பக்கக் கிளையைக் கிள்ளினேன். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் அந்த வாசம் போகவில்லை. உங்கள் கையிலும் எப்போதும் இருந்த வாசம். விரலை மூக்கருகே வைத்தபடி படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. அம்மா பக்கத்தில் தூங்குகிறார். அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் ஃபோன் வெளிச்சத்தைக் கையால் மூடிக்கொண்டு, விவசாயப் பாடக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன்.

கொடகவெலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் இந்த ரப்பர் மரங்களை உங்களுக்குப் பிடிக்கவே இல்லை. "பட்டப்பகல்லயும் இருட்டா கெடக்கு" என்பீர்கள். அண்ணன் உங்களை யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போன நாள் நினைவிருக்கிறதா? திரும்பி வந்ததும் வாசலில் நின்றே அம்மாவிடம் முறையிட்டார்.

"சீல வாங்கித் தாறேன்னு கூட்டிட்டுப் போனா, தக்காளி வெத வாங்கிட்டு வாறாம்மா இவ."

"சீலைய கொழம்பு வைக்க ஏலுமா?" என்றீர்கள் நீங்கள். அம்மா சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன். உங்களோடு நான் சேர்ந்துகொண்டது அன்றைக்குத்தான்.

முழங்காலுக்கு மேல் வளராத குட்டைத் தக்காளி. மூன்று பெயிண்ட் வாளிகளின் அடியில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஓட்டை போட்டோம். பழம் சிவக்கிற நேரத்தில் மழை அடித்தால் தோல் வெடித்துவிடும் என்று, வாசல் திண்ணையில், இஸ்தோப்பின் ஓரத்தில், காலை வெயில் விழுந்தும் கூரைத் தண்ணீர் விழாத இடமாகப் பார்த்து வைத்தீர்கள். மழை படாததால் தண்ணீர் நாம்தான் ஊற்ற வேண்டும். காலையும் மாலையும் அது என் வேலை.

நான் ஒழுங்காகச் செய்யவில்லை. டியூஷன் முடிந்து வந்தால் மறந்துவிடுவேன். இலை தொங்குவதைப் பார்த்ததும் பயந்துபோய் வாளி வழிய வழிய ஊற்றுவேன். முதலில் வந்த காய்களெல்லாம் அடிப்பக்கம் கறுத்து, குழி விழுந்து, தோல் செருப்பு மாதிரி ஆகிவிட்டன. பூச்சி என்று நினைத்தேன். நீங்கள் ஒன்றை வெட்டி உள்ளே காட்டினீர்கள்.

"பூச்சியும் இல்ல, புழுவும் இல்ல. நாலு நாளு பட்டினி போட்டுட்டு அஞ்சா நாளு விருந்து வச்சா ஒன் வயிறு தாங்குமா புள்ள? மண்ணுல சத்து இருக்கு. தண்ணி ஒரே அளவா போனாத்தான் அது காய்க்குப் போய்ச் சேரும்."

தவணைப் பரீட்சை வந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மூன்று வாளிகளின் மூடிகளையும் எடுத்து அடியில் தட்டு மாதிரி வைத்து, நிறையத் தண்ணீர் விட்டேன். வேர் கீழிருந்து குடித்துக்கொள்ளும். எனக்கு ஓடவேண்டியதில்லை. அடுத்த காய்கள் ஒரு கறுப்பு இல்லாமல் வந்தன. நீங்கள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தீர்கள்.

"அடியெல்லாம் பச்சப்புள்ளைக்குக் கழுவி விட்ட மாதிரி இருக்கே! ஏய் செல்வி, எங்க நாத்தனாரு இஞ்சினியரு, தெரியுமா?"

பக்கத்துக் காம்பரா வீட்டுச் செல்வி அக்கா எட்டிப்பார்த்து, "அப்ப எங்க கூரையயும் வந்து பாக்கச் சொல்லு, ஒழுகுது" என்றார். என்னை அப்படி யாரும் புகழ்ந்ததில்லை. அன்று நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"மூடில நிக்கிற தண்ணிய தெனமும் மாத்துறதானே?"

"ஆமா அண்ணி" என்றேன். மாற்றவில்லை. குறையக் குறைய மேலே ஊற்றினேன், அவ்வளவுதான்.

பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் விட்டுவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தீர்கள். மறுநாள் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு நீங்கள் வாசலில் விழுந்து கிடந்ததைக் கண்டது செல்வி அக்காதான். உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டு வரை ஓடி த்ரீவீலில் ஏற்றியதும் அவர்தான். இரண்டு நாள் கழித்து உங்களைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். டெங்கு என்றார்கள்.

அந்த வாரமே சுகாதாரப் பரிசோதகர் வருகிறார் என்று எங்கள் லய வீட்டு வரிசையில் கூப்பிட்டுச் சொன்னார்கள். நான் ஓடிப்போய் முதல் வாளியைத் தூக்கினேன். மூடித் தண்ணீரில் நூல் துண்டுகள் மாதிரி நிறைய, நெளிந்து நெளிந்து மேலே வந்து போய்க்கொண்டிருந்தன. மற்ற இரண்டிலும் அப்படியே. எல்லாவற்றையும் வாசலில் வெயிலில் காய்ந்த மண்ணில் கொட்டிவிட்டு, மூடிகளை ரப்பர் சருகுக்குள் புதைத்தேன். அவர் வந்து நம் வாளிகளைச் சுற்றிப் பார்த்து "ஹொந்தய்", நல்லது என்று தலையாட்டினார். அடுத்த வீட்டுச் சாக்கடைக் கான் ஓரத்தில் நின்றார்.

"மே டயர் எக காகெத?" யாருடைய டயர் என்று கேட்கிறார். செல்வி அக்கா, "மகே, மாத்தயா", என்னுடையதுதான் ஐயா என்று முன்னால் வந்தார். அந்த டயருக்குள்ளும் அதே கொசுப் புழுக்கள் இருந்தன.

அண்ணன் எல்லோர் முன்னாலும் கத்தினார். "ஒன் டயருதான்டி என் பொண்டாட்டிய கொண்டுருச்சு!"

அன்றிலிருந்து லயத்தில் ஒருவரும் செல்வி அக்காவோடு பேசுவதில்லை. பீலிக் குழாய்க்கு அவர் தண்ணீர் பிடிக்க வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நிற்கிறார்கள். முந்தாநாள் அங்கே நானும் அவரும் மட்டும் இருந்தோம்.

"பாப்பா, நீயாச்சும் எங்கிட்ட பேசேன்" என்றார்.

நான் பாதிக் குடத்தோடு ஓடிவந்துவிட்டேன், அண்ணி. ஞாயிற்றுக்கிழமை அவர் தெஹியோவிட்டவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஒரேயடியாகப் போகிறாராம். சாமான் கட்டிவிட்டார்.

டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும், தூரப் பறக்காது என்று வகுப்பில் சொல்லித்தந்தார்கள். வேலை முடிந்து வந்தால் நீங்கள் அந்த வாளிகளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து அரிசி பொறுக்குவீர்கள். உங்களைக் கடித்தது டயர்க் கொசுவா, என் மூடிக் கொசுவா, இல்லை ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டைகளில் நிற்கும் மழைத் தண்ணீரில் பிறந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நம் வீட்டிலும் இருந்தது என்பது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். இப்படி ஒன்றைச் சொல்ல இந்த வீட்டில் எனக்கு நீங்கள்தான் இருந்தீர்கள். நீங்கள் போன பிறகு நான் சாப்பாட்டை நீட்டும்போதுகூட அண்ணன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. தெரிந்தால் இனி எப்போதுமே பார்க்கமாட்டார் என்று பயமாக இருக்கிறது.

செடிகள் இன்னும் காய்க்கின்றன. மூடி இல்லாததால் மறுபடியும் அடி கறுக்கிறது. இப்போது மறக்காமல் இரண்டு நேரமும் அளந்து ஊற்றப் பழகுகிறேன். உங்களிடம் சொன்ன பொய் என்னோடுதான் இருக்கும், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. செல்வி அக்கா மேல் விழுந்த பழியை மட்டும் அவர் சுமந்துகொண்டு போகக்கூடாது.

வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் இந்தத் தாள்களைக் கிழித்து, அண்ணன் விடிய முன் ரப்பர் பால் வெட்டப் போகும்போது போடும் சட்டையின் பைக்குள் வைக்கப்போகிறேன்.

அண்ணே, இவ்வளவு தூரம் வாசித்துவிட்டாய் என்றால், இனி எழுதுவது உனக்கு. நீ இதை வாசிக்கும் நாள் சனிக்கிழமை, செல்வி அக்கா போவது நாளைக்கு. முதலில் செல்வி அக்கா வீட்டுக்குப் போ. பிறகு என்னிடம் வா. நான் எங்கேயும் ஓடமாட்டேன், இஸ்தோப்பில்தான் இருப்பேன்.