பெட்டியின் மேல் எழுதிய இரண்டு எண்கள் குறித்து

அனுப்புநர்
காலமான படைக் கிடங்குக் காப்பாளரின் மனைவி,
குடியிருப்புச் சுற்றுச்சுவரை ஒட்டிய ஓட்டு வீடு,
கிணற்றுச் சந்து.

பெறுநர்
குடியிருப்பு ஒதுக்கீட்டு அலுவலர் அவர்கள்,
படைவீரர் குடும்பக் குடியிருப்பு அலுவலகம்.

பொருள்: கீழ்த்தளக் கடைசி வீட்டில் வசிக்கும் படைவீரர் மனைவிக்கு அளிக்கப்பட்ட வெளியேற்ற அறிவிப்பை ரத்து செய்யவும், அவ்வீட்டிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட இரும்புப் பெட்டியை, மேலுள்ள எண்களைச் சுரண்டாமல் திருப்பித் தரவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகன் என்னை வீட்டை விட்டுத் துரத்திவிட்டதாகவும், போக்கிடமின்றி நான் அரசுக் குடியிருப்பில் ஒண்டிக்கொண்டிருப்பதாகவும் தங்கள் அலுவலகத்தில் பேசப்படுவதாக அறிந்தேன். எனக்கு மகன் இல்லை. மகளும் இல்லை. ஆகவே துரத்தும் சிரமம் எவருக்கும் ஏற்படவில்லை. நான் வசிப்பது என் கணவர் ஓய்வுபெற்ற பின் வாங்கிய வீட்டில். அதன் வரி ரசீதுகள் ஒழுங்காக என்னிடம் உள்ளன. எவரேனும் பார்க்க விரும்பினால் காலை நேரத்தில் வரலாம். மதியம் நான் ஓய்வெடுப்பது வழக்கம்.

2. மேற்படி கடைசி வீட்டுப் பெண் தன் வீட்டை அனுமதியின்றி வேறு இரண்டு வீரர்களின் குடும்பங்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருப்பதாகவும், ஆகவே இம்மாத இறுதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும் தங்கள் அறிவிப்பு கூறுகிறது. அவளுக்கு அடுத்த மாதம் பிரசவம். கணவன் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள முடியாத முகாமில் இருக்கிறான். பிறந்த வீடு இரண்டு நாள் ரயில் பயணத் தொலைவு. இந்த நிலையில் ரயில் ஏறக் கூடாது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆகவே வீட்டைக் காலி செய்தால் அவள் போவதற்கு இடமில்லை. இந்த மனுவின் சாரம் இதுவே. எஞ்சியது விளக்கம்.

3. அந்த "இரண்டு வீரர்கள்" யார் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். தங்கள் ஆய்வாளர் அவ்வீட்டின் முன்னறையில் ஓர் இரும்புப் பெட்டியைக் கண்டார். அதன் மூடியில் இரண்டு படை எண்கள் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தன. இரண்டுமே அவளுடைய கணவனின் எண் அல்ல. "யாரும்மா இவங்க?" என்று அவர் கேட்க, பயந்துபோன அந்தப் பெண், "எனக்குத் தெரியாது சார், ரெண்டு பேருமே செத்துட்டாங்க," என்று சொல்லியிருக்கிறாள். பதில் முற்றிலும் உண்மையானது. ஆனால் ஆய்வாளருக்குத் திருப்தி தரக்கூடியதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் எண் படை இசைக்குழுவில் கொம்பு வாசித்த ஒருவருடையது. இரண்டாவது எண் என் கணவருடையது. அவர்கள் இருவரும் குடும்பத்துடன் அந்த வீட்டில் வசிக்கிறார்கள் என்ற தங்கள் அலுவலகக் குறிப்பு உண்மையாக இருந்தால், என்னைவிட மகிழ்பவர் எவரும் இருக்க முடியாது.

4. அந்தப் பெட்டி அங்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல, நான் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது. பொறுத்தருள்க.

நான் மணமாகிக் கணவருடன் படைக் குடியிருப்புக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். பூ வேலைப்பாட்டில் பரிசு வாங்கியிருந்தேன். மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாது. என் தந்தையின் குடும்பத்தில் எல்லோரும் பள்ளி ஆசிரியர்கள். பிறந்த தெருவிலேயே வாழ்ந்து முடித்தவர்கள். அந்தத் தெருவைத் தாண்டி மணம் செய்துகொண்டு போன முதல் பெண் நான். எங்கள் சாமான்கள் சரக்கு ரயிலில் எங்கோ தங்கிவிட்டன. வெறும் தரையும் நான்கு சுவர்களும் உள்ள வீட்டில், புதுப் புடவையில் தூசி பட்டுவிடுமே என்று நான் உட்காராமல் நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டிலிருந்து கொம்பு வாசிப்பவரின் மனைவி இந்தப் பெட்டியைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உட்காரடி முதல்ல. சாமான் எப்ப வேணா வரட்டும், பசி இப்பவே வருமில்ல?"

அந்தப் பெட்டியின் மேல் அமர்ந்துதான் என் இல்லறத்தின் முதல் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். பிறகு அது எங்களுக்கு மேசையாகவும், இஸ்திரி போடும் பலகையாகவும், விருந்தாளி வந்தால் நாற்காலியாகவும் இருந்தது. கொம்பு வாசிப்பவருக்கு மாற்றல் வந்தபோது, துடைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் மனைவி வாங்க மறுத்துவிட்டார். "இதை எனக்குக் கொடுத்தவளுக்கே நான் திருப்பிக் கொடுக்கல. உனக்குப் பின்னால வெறுங்கையோட ஒருத்தி வருவா, அவளுக்குக் கொடு," என்றார். பழைய எண்ணைச் சுரண்டக் கூடாது, அதன் கீழே தன் வீட்டுக்காரர் எண்ணை எழுத வேண்டும் என்பது அந்தக் காலத்தில் வரிசை வீட்டுப் பெண்களிடையே இருந்த வழக்கம். அவருக்கு முன்னே இருந்தவர்களின் எண்கள் துருவோடு போய்விட்டன. பெண்களின் வழக்கங்கள் எந்த விதிநூலிலும் அச்சிடப்படுவதில்லையாதலால் தங்கள் ஆய்வாளர் இதை அறியாததில் குற்றமில்லை.

5. எனக்குப் பின் வந்தவர்கள் எவரும் வெறுங்கையோடு வரவில்லை. லாரியும் அவர்களுடனே வந்துவிட்டது. அதில் சோபாவும் வந்துவிட்டது. ஆகவே பெட்டி என்னிடமே தங்கியது. சென்ற ஆண்டு இந்தப் பெண் வந்தாள். சாமான் ஏற்றிய லாரி வேறு முகாமுக்குப் போய்விட்டது. என் பின்பக்க ஜன்னலுக்கும் அவளுடைய சமையலறை ஜன்னலுக்கும் இடையில் இருப்பது தங்கள் சுற்றுச்சுவர் மட்டுமே. அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும், ஒரு பெண் தட்டை ஜன்னல் கட்டையில் வைத்து நின்றபடியே சாப்பிடுவது கண்ணில் பட்டுவிட்டது. அதைப் பார்த்த பிறகு என் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

சலவைக்காரரின் தள்ளுவண்டியில் பெட்டியை அனுப்பினேன். "என்னம்மா, உள்ள ஐயாவோட பூட்ஸ் இன்னும் விறைப்பா நிக்குதா, இந்தக் கனம் கனக்குது?" என்று அவர் கேட்டார். பூட்ஸை முன்தினமே வெளியே எடுத்து வைத்துவிட்டேன்.

6. அந்தப் பெண்ணைப் பற்றியும் தாங்கள் அறிய வேண்டும், ஏனெனில் தங்கள் கோப்பில் அவளுக்கு வீட்டு எண் மட்டுமே இருக்கிறது. அவளுடைய தந்தை அடுமனை நடத்துபவர். சித்தப்பா, சித்தி, அத்தை, அவர்கள் பிள்ளைகள் என்று பதினோரு பேர் ஒரே கூரையின் கீழ், விடியுமுன்பே ரொட்டி மணக்கும் வீட்டில் வளர்ந்தவள். "பட்டாளத்தானுக்கா பொண்ணு கொடுக்கப் போற? பொட்டியும் கையுமா ஊர் ஊரா அலையவா?" என்று உறவினர் கேட்டபோது, "அலையறதுக்குத்தானே காலு?" என்று பதில் சொன்னவள் இவள்தான். தனியாக ஓர் அறையில் தூங்கியதே இல்லை என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். குறை சொல்வதைப் போல அல்ல. ஏதோ பார்த்திராத ஊரைப் பற்றிச் சொல்வதைப் போல.

பதினோரு பேருக்குச் சமைத்துப் பழகிய கை அது. ஒருத்திக்குச் சமைக்க அதற்குத் தெரியவில்லை. பெட்டி போய்ச் சேர்ந்த மறுநாள், பெரிய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். "பெரியம்மா, கோச்சுக்காதீங்க, மறுபடியும் அதிகமாயிடுச்சு," என்றாள். அதற்குப் பிறகு அது அதிகமாகாத நாளே இல்லை. ஒருத்திக்கு மட்டும் சமைக்கும் அளவு எனக்கு மிக நன்றாகத் தெரியும். நீண்ட காலப் பழக்கம். அந்த அளவை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

7. நான் இரவுகளில் அவ்வீட்டில் தங்குவது உண்மை. மாதம் நெருங்கும்போது அவள் தனியாக இருக்கக் கூடாது என்பது மருத்துவர் சொன்னது. அவளுடைய தாய், கால் எலும்பு முறிந்து படுத்திருக்கும் தந்தையை எழுப்பி நடக்கவைத்துவிட்டு, பிரசவத்துக்கு வந்துவிடுவார். அதுவரை நான். மாலையில் என் தலையணையுடன் போகிறேன், காலையில் அதே தலையணையுடன் திரும்புகிறேன். இதற்கு வாடகை எவரும் வாங்கவில்லை, எவரும் கொடுக்கவுமில்லை.

8. குடியிருப்பு மேற்பார்வையாளர் நல்ல மனிதர். உதவும் நோக்கத்தில் அவர் என்னிடம் சொன்னார்: "ஏம்மா, பெரியம்மான்னுதானே கூப்பிடுது அந்தப் பொண்ணு? அம்மாவோட அக்கான்னு எழுதிக் கொடுத்துடுங்க. நெருங்கிய சொந்தம் தங்கலாம்னு விதி இருக்கு. யார் வந்து தோண்டிப் பார்க்கப் போறா?" நான் மறுத்தேன். அதற்கு அவர், "எழுபது வயசுல ஒரு பொய் சொன்னா சாமி கோச்சுக்காதும்மா," என்றார். சாமியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவளுடைய தாயைப் பற்றித்தான் கவலை. தினமும் காலையில் தொலைபேசியில் அழைத்து, முதலில் "சாப்பிட்டியா?" என்றும், பிறகு "பக்கத்து வீட்டம்மா சாப்பிட்டாங்களா?" என்றும் கேட்கும் பெண்மணி அவர். அவருக்கு அக்கா இல்லை. இல்லாத ஓர் அக்காவாக என்னைத் தங்கள் பதிவேட்டில் எழுதிவைத்து, அவர் வந்து இறங்கும் நாளில் அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

அவள் எனக்கு மகள் போன்றவள் என்று எழுதினால் தங்களுக்கு இரக்கம் வரக்கூடும். அப்படியும் எழுத மாட்டேன். அவள் வேறொருவரின் மகள். எனக்கு அவள் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெண். அந்த உறவே எனக்குப் போதுமானதாக இருக்கிறது; தங்கள் விதிகளுக்கும் போதுமானதாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

9. தங்கள் கிடங்கில் உள்ள அந்தப் பெட்டிக்குள் இருப்பவை: அடுமனை மாவுப் பைகளைப் பலமுறை துவைத்து மென்மையாக்கி, அவளுடைய தாய் தைத்தனுப்பிய குழந்தைத் துணிகள். ஆலையின் முத்திரை சிலவற்றில் இன்னும் மங்கலாகத் தெரியும். அவற்றைத் திருட்டுச் சரக்கு என்று எவரும் ஐயுற வேண்டாம்.

10. அந்த எண்களைச் சுரண்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அலுவலகத்தில் ஒருவர் யோசனை சொன்னதாகவும் அறிகிறேன். தயவுசெய்து வேண்டாம். என் கணவரின் எண்ணுக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்கு இடம் வெறுமையாக இருக்கிறது. அந்தப் பெண்ணின் கணவன் கடைசியாக விடுப்பில் வந்து முகாமுக்குத் திரும்பும் முன் அந்த இடத்தை விரலால் அளந்து பார்த்தான். தூரிகை வாங்கி வருகிறேன், இப்போதே எழுதிவிடு என்றேன். "இப்ப வேணாம் பெரியம்மா. வந்து, குழந்தையை இதுமேல உட்காரவெச்சுட்டு எழுதுறேன். அதுவரைக்கும் இங்க யாரையும் எழுத விடாதீங்க," என்றான். நான் சரி என்று சொல்லியிருக்கிறேன். கிடங்கில் சேர்க்கப்படும் பொருள்களுக்கு வழக்கு எண் எழுதும் நடைமுறை உண்டு என்பது கிடங்குக் காப்பாளரின் மனைவியான எனக்குத் தெரியும். அந்த எண்ணை எழுதியே ஆக வேண்டுமெனில் பெட்டியின் அடிப்பகுதியில் எழுதலாம். மூடியில் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

11. ஆகவே தங்களிடம் நான் கோருவன: வெளியேற்ற அறிவிப்பை ரத்து செய்ய வேண்டும். பிரசவத்துக்கு முன்பாகப் பெட்டியை, உள்ளிருக்கும் துணிகளுடனும் மேலிருக்கும் எண்களுடனும், அவள் வீட்டு முன்னறைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். என் பெயரைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டியிருந்தால், உறவு என்ற இடத்தில் "அண்டை வீட்டுக்காரி" என்று எழுத வேண்டும். அதுவரை தங்கள் ஊழியர்கள் எவரேனும் அந்தப் பெட்டியின் மேல் அமர்ந்து உணவருந்தினால் எனக்கு ஆட்சேபமில்லை. அது அதற்காகவே இருப்பது. காலணியுடன் மட்டும் ஏற வேண்டாம்.

12. நான் இரக்கம் வேண்டி எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். மேற்பார்வையாளர் மூலம் வாய்மொழியாகப் பதில் சொல்லி அனுப்ப வேண்டாம். அவர் இளகிய மனம் படைத்தவர்; கெட்ட செய்தியாக இருந்தால் பாதியை விழுங்கிவிடுவார். தங்கள் முடிவை இம்மாத இறுதிக்கு முன்பாக எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கிணற்றுச் சந்து
நாள்: இம்மாதம் ஒன்பதாம் தேதி

இப்படிக்கு,
(ஒப்பம்)
அண்டை வீட்டுக்காரி