மாப்பிள்ளை மாட்டிக் கொடுத்த லாக்

ஸ்ரீவில்லிபுத்தூர்
ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சுமையாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் அல்லாஹ் கிருபையால் சுகம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து ஆஜர் ஆகிவிட்டது. அங்கே பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் குளிர் விட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே. நீ போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுகிறாய், மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "சொல்லுங்க மாமா" என்கிறார், அதற்கு மேல் நான் எங்கே வாயைத் திறப்பது? அதனால்தான் இது. தனியாக இருக்கும்போது படி, படித்ததும் கிழித்துப் போடு, மாப்பிள்ளை கண்ணில் பட வேண்டாம்.

விஷயம் வேறொன்றுமில்லை, நம் லோடு வண்டியில் அவர் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போன அந்த லாக்தான். கூமாப்பட்டிக்கு மேற்கே நாம் குத்தகைக்கு எடுத்திருக்கிற தென்னந்தோப்புக்கு ஓடையைத் தாண்டித்தான் போக வேண்டும், தண்ணீர் இல்லாத நாளில் மணல், தண்ணீர் வந்த பிறகு சேறு, இது உனக்குத் தெரிந்ததுதான். வண்டி புதையும், டிரைவர் வீரணன் இறங்கித் தென்னை மட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுப்பான், நாலு பேர் தள்ளுவோம், எப்படியோ காய் கிட்டங்கிக்கு வந்து குவிந்துகொண்டுதான் இருந்தது. போன தடவை நீங்கள் வந்தபோது வேடிக்கை பார்க்க வந்த மாப்பிள்ளை, வண்டிக்குப் பின்னால் குத்தவைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, ஒரு சக்கரம் சும்மா சுத்துது, இன்னொண்ணு சும்மா நிக்குது. ஒரு லாக் மாட்டிட்டா ரெண்டும் ஒண்ணா சுத்தி வெளிய வந்துரும்" என்றார். வீட்டுக்கு வந்த மருமகன் ஒன்று சொல்கிறார், நானும் பேச்சுக்கு, "அப்படியா மாப்பிள்ளை, நல்லாருக்கே" என்றேன். அம்புட்டுதான் நான் சொன்னது. இந்தச் சித்திரையில் நீ அம்மாவுக்கு வாங்கிய போர்வையை வெளியே எடுத்து வைத்துவிட்டு அந்த இரும்பைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து இறங்கிவிட்டார். ராஜபாளையத்தில் விஜயபாண்டி பட்டறையில் வண்டிக்கு அடியில் படுத்து, பின்பக்கத்து ஆக்சிலைப் பிரித்து, பல்சக்கரத்துக்கு நடுவில் அதை உட்கார வைத்து, காற்று அடிக்கிற சின்ன மோட்டாரை சீட்டுக்கு அடியில் வைத்து, லீவில் பாதியை அங்கேயே கிரீஸில் கழித்தார். உன்னைக் குற்றாலம் கூட்டிப் போகவில்லை என்று நீ மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தது எனக்கு மறக்கவில்லை.

உள்ளதைச் சொல்ல வேண்டும், ஓடையில் அது வேலை செய்கிறது. சுவிட்சைப் போட்டால் காற்று உள்ளே போய்ப் பிடித்துக்கொள்கிறது, இரண்டு சக்கரமும் சேர்ந்து இழுக்கிறது, வண்டி மணலிலிருந்து எருமை எழுந்து வருகிற மாதிரி எழுந்து வருகிறது. அதை நான் குறை சொல்லவில்லை. கஷ்டமெல்லாம் ஓடையைத் தாண்டிய பிறகுதான். தார் ரோட்டில் ஏறுமுன் சுவிட்சை அணைக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். ரோடு வளைகிறபோது வெளிப்பக்கச் சக்கரம் கூட ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைய ஓட வேண்டும், இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால் வண்டி எப்படி வளையும், இது எனக்கும் புரிகிறது, வீரணனுக்கும் புரிகிறது. அவனும் அணைக்கத்தான் செய்கிறான். சுவிட்சில் விளக்கு அணைகிறது, உள்ளே பிடி மட்டும் சொன்னபடி விடுவதில்லை. சில நாள் உடனே விடுகிறது, சில நாள் வத்திராயிருப்பு வந்த பிறகு டொக்கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு விடுகிறது. அதுவரைக்கும் ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் வண்டி நேராகப் போகத்தான் பார்க்கிறது, டயர் ரோட்டில் தேய்ந்து அழுகிறது. புது டயர் ரப்பர் பொடியாக உதிர்ந்து கிடக்கிறதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இதற்கு நடுவில் கிட்டங்கி எலி, மோட்டாரிலிருந்து லாக்குக்குக் காற்று போகிற நீலக் குழாயைக் கடித்துவிட்டது. தேங்காயை விட்டுவிட்டு அதற்கு அந்தக் குழாய்தான் ருசி. அன்றைக்கு ஓடைக்கு நடுவில் சுவிட்சைப் போட்டால் காற்று புஸ்ஸென்று போகிறது. மறுபடியும் மட்டை, மறுபடியும் நாலு பேர். விஜயபாண்டியிடம் கொண்டுபோனால் குழாயை மாற்றிக் கொடுத்தான், பிடி விடாததைப் பார் என்றால் கையைத் துடைத்துக்கொண்டு, "பாய், உங்க மாப்பிள்ளை கை வச்ச வேலைல நான் கை வைக்க மாட்டேன். நாளைக்கு அவுக வந்து ஏன் பிரிச்சேன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? ஒரு போனைப் போட்டுக் கேட்டா முடிஞ்சு போச்சு" என்கிறான். ஒரு போன். எல்லோரும் இதையே சொல்கிறார்கள். மருமகன் தன் காசைப் போட்டு, கடல் தாண்டிச் சுமந்து வந்து மாட்டிக் கொடுத்ததை, நான் போனைப் போட்டு, மாப்பிள்ளை உங்கள் சாமான் சரியில்லை என்று சொல்ல வேண்டுமாம். நம் வீட்டில் யாராவது அப்படிப் பேசி நீ கேட்டிருக்கிறாயா?

அவர் கேட்காமல் இருந்தாலாவது பரவாயில்லை. வாரம் தவறாமல், "மாமா, லாக் எப்படி இருக்கு" என்று கேட்கிறார். நானும் வாரம் தவறாமல், "ஜோரா இருக்கு மாப்பிள்ளை, ஓடையெல்லாம் இப்ப நமக்கு ரோடு மாதிரி" என்கிறேன். அதன் பலன் என்ன தெரியுமா? போன வெள்ளிக்கிழமை சொல்கிறார், நம்முடைய இன்னொரு வண்டிக்கும் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம், டிசம்பர் லீவில் வந்து மாட்டிவிடுவாராம். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் மட்டும் தன்பாட்டுக்கு, "ரொம்பச் சந்தோசம் மாப்பிள்ளை" என்றது. சைக்கிள் கேரியரில் காய் கட்டிக்கொண்டு போய்த் தெருத்தெருவாக விற்று இந்த இடத்துக்கு வந்தவன் நான், காங்கேயத்து ஆயில் மில்காரன் எவனாவது என்னை ஒரு வார்த்தையில் மடக்கியிருப்பானா? என் சொந்த மருமகன் மடக்கிவிட்டார், அதுவும் அன்பினால்.

இங்கே வீரணன் ஒரு பக்கம். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து நம் வண்டியை ஓட்டுகிறவன், ஒரு நாள் எதிர்த்துப் பேசினவன் இல்லை. போன வாரம் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, "மொதலாளி, ஒண்ணு வண்டில அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். கார்த்திகை பொறக்கதுக்குள்ள சொல்லிருங்க, செட்டியார்பட்டி மில்லுல வண்டி ஓட்டக் கூப்பிடுதாக" என்றான். மழை பிடிக்கப்போகிறது, தோப்பில் காய் வெட்டு பாக்கி இருக்கிறது, அந்த ஓடையில் எந்த இடத்தில் பாறை, எந்த இடத்தில் புதைமணல் என்று அவனுக்குத்தான் தெரியும். அவன் போனால் இந்த வருஷக் குத்தகை போச்சு. சரி, கழற்றிவிடுவோம் என்றால் உன் அம்மா ஒரு பக்கம். "மருமகன் தன் கையால மாட்டிக் குடுத்ததைக் கழட்டி மூலையில போட்டா, டிசம்பர்ல அவுக வந்து எங்கன்னு கேட்டா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் சோறு போடுவேன்" என்கிறாள். நான் நடுவில் நிற்கிறேன். அதனால் நீ ஒன்று செய். உன் சிநேகிதி வீட்டு வண்டியில் இதே மாதிரி லாக் இருக்கிறது, சுவிட்சை அணைத்தும் பிடி விடவில்லையாம், என்ன செய்வது என்று யதார்த்தமாகக் கேட்பது போல மாப்பிள்ளையிடம் கேள். அவர் சொல்கிறதை அப்படியே எனக்கு எழுதி அனுப்பு. நான் கேட்டதாக மட்டும் தெரிய வேண்டாம்.

வியாழக்கிழமை

மேலே எழுதியதைத் தபாலில் சேர்க்காமல் வைத்துவிட்டு நேற்று நானே வண்டியில் ஏறித் தோப்புக்குப் போனேன், வீரணன் சொல்வது எம்புட்டு உண்மை என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்று. லோடு ஏற்றி, ஓடையைத் தாண்டி, என் கண் முன்னால்தான் அவன் சுவிட்சை அணைத்தான். கூமாப்பட்டியில் இப்போது போனைத் தூக்கிக்கொண்டு வீடியோ எடுக்க வருகிற கூட்டம் ஜாஸ்தி, அவர்களை ஒதுக்கி ஒதுக்கி மெதுவாகத்தான் வந்தோம். மகாராஜபுரம் விலக்கில் ஸ்டீயரிங்கை ஒடிக்கிறான், வண்டி திரும்பவில்லை. நேராகப் போகிறது. பிரேக்கை மிதித்து, ரோட்டை விட்டு இறங்கி, ஒரு வேலியைப் படுக்க வைத்துவிட்டு நின்றது. எதிரே பஸ் வரவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். காய் தரம் பிரிக்கிற மாரிச்செல்வி லோடுக்கு மேலே உட்கார்ந்திருந்தவள் குதித்ததில் கணுக்கால் பிசகிவிட்டது. பதறிக்கொண்டு ஓடினால் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "இந்த வண்டி வளையாதுன்னு ஏறும்போதே சொல்லியிருந்தா நான் பொடிநடையா வீட்டுக்குப் போயிருப்பேனே மொதலாளி" என்கிறாள். ஆஸ்பத்திரியில் காட்டிக் கட்டுப் போட்டாயிற்று, எலும்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. அவள் நடக்கிற வரைக்கும் கூலி வீட்டுக்கே போய்விடும் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வேலி ஓரத்தில் வைத்து வீரணனிடம், "ஏலே, இம்புட்டு மோசம்னு எங்கிட்ட ஏன் நீ அடிச்சுச் சொல்லல" என்று கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒன்று சொன்னான் பார், அதைக் கேட்டபின்தான் இந்தக் கடிதத்தை மறுபடி எடுத்தேன். மாப்பிள்ளை அவனுக்கும் போன் செய்திருக்கிறார். "மாமா எங்கிட்ட நல்லாருக்குன்னுதான் சொல்லுவாக, நீங்க ஓட்டுறவுக, உள்ளதைச் சொல்லுங்கண்ணே" என்று கேட்டிருக்கிறார். இவன் என்ன சொல்லியிருக்கிறான் தெரியுமா? "ஜோரா இருக்கு சார்." ஏன்லே அப்படிச் சொன்னாய் என்றால், "நீங்க நல்லாருக்குன்னு சொன்ன பொறவு நான் இல்லன்னு சொன்னா, மொதலாளி பொய் சொல்லுதாகன்னு ஆகாதா" என்கிறான். பாவம் அந்தப் பிள்ளை, உண்மை வேண்டும் என்று தேடித் தேடிக் கேட்டிருக்கிறார். நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று மரியாதை செய்து, மாரிச்செல்வி காலை ஒடிக்கப் பார்த்தோம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. செத்த நேரம் அந்த வேலியைத்தான் திட்டிக்கொண்டு நின்றேன்.

ஆகவே சிநேகிதி வீட்டு வண்டிக் கதை வேண்டாம். கிழித்துப் போடவும் வேண்டாம். இந்தக் கடிதத்தை அப்படியே மாப்பிள்ளை கையில் கொடு. நடுவில் எதையும் மறைக்காதே, டயர் சமாச்சாரம், எலி சமாச்சாரம், எல்லாம் படிக்கட்டும். படிக்கும்போது நீ பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதே, ஆம்பிளைக்கு அது சங்கடம். ஏன் போனிலேயே சொல்லிவிடக் கூடாது என்று கேட்பாய். நேற்று ராத்திரி முயற்சி செய்தேன். அவர் "மாமா" என்றதும் என் வாய், "ஜோரா இருக்கோம் மாப்பிள்ளை" என்று ஆரம்பித்துவிட்டது. வாய்க்குப் பழகிவிட்டது, கைக்குத்தான் இன்னும் பழகவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், முதலில் அழுதாள், பிறகு அவளே, "அந்தப் பொண்ணுக்கு ஏதும் ஆகியிருந்தா மருமகன் மனசு எம்புட்டு கஷ்டப்படும்" என்றாள். வீரணன் சாவியை எடுத்துக்கொண்டான். பதில் வரும்வரை அந்தச் சுவிட்சை யாரும் தொடக் கூடாது என்று கம்பியைப் பிடுங்கி வைத்திருக்கிறோம், ஓடையில் பழையபடி மட்டைதான். பிடி விட வைக்க வழி இருந்தால் அவர் சொல்லட்டும், இல்லாவிட்டால் டிசம்பரில் வந்து தன் கையாலேயே கழற்றித் தரட்டும், எனக்கு இரண்டும் சம்மதம். இரண்டாவது ஒன்று வேண்டாம். அந்தப் பெட்டியில் உன் அம்மாவுக்கு அந்தப் போர்வையைக் கொண்டுவரட்டும், லீவில் உன்னையும் சின்னவனையும் குற்றாலம் கூட்டிப் போகட்டும்.

சின்னவனை வெறும் காலோடு புல்லில் விடாதே, அங்கே பூச்சி அதிகம் என்று கேள்விப்பட்டேன். மாப்பிள்ளையை வேலையில் வெயிட் தூக்கும்போது இடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் அல்லாஹ் படியளக்கிற நல்ல ரிஸ்க்கும் கிடைக்க ஐந்து வேளையும் உன் அம்மாவும் நானும் துஆ செய்கிறோம். மறந்துவிடாதே, அவர் படித்து முடித்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு, நான் கூப்பிடுகிறேன். போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போடு.

இப்படிக்கு,
உன் அத்தா
சேக் முகைதீன்