யூதாஸின் உயிலில் ஆறாம் அத்தியாயம்

பாசோ எர்மோசோ,
ஈஸ்டர் முடிந்த இரண்டாம் வாரம்

என் அக்கா பெனில்டே பெற்ற ஒரே அதிசயமும், இந்த மாமனின் தூக்கத்தைக் கெடுப்பவளுமான யுலைமாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். என் முழங்கால் மட்டும் நலமில்லை. அதன் வலியை இந்த மலைத்தொடருக்குப் பங்கிட்டுக் கொடுத்தால் பாதி மலை அப்படியே உட்கார்ந்துவிடும். கோழிகளுக்கும் சுகமில்லை, அதற்கு நீதான் காரணம், பிறகு சொல்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. நாவலுக்கு இரண்டாம் பதிப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாம். படமாக எடுக்கிறோம் என்று வந்தவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டாயாம். மனிதனுக்குள் இருக்கும் இருட்டைத் தோண்டித் தோண்டி எழுதியதில் பெற்ற தாய் பேசாமல் போனதுதான் மிச்சம், இனி எழுதவும் மாட்டேன், ஊர்ப்பக்கம் வரவும் மாட்டேன் என்று முடித்திருக்கிறாய். நல்லது. இந்தக் கடிதத்தை மட்டும் முழுக்கப் படித்துவிட்டு அதே முடிவில் இரு பார்க்கலாம்.

உன் புத்தகத்தை இந்த ஊரில் படித்தவர்கள் மூன்று பேர். திட்டியவர்கள் ஊர் ஜனத்தொகையைவிட அதிகம், கழுதைகளும் சேர்ந்துகொண்டன. காலரா வருடத்தில், அக்கரையில் நோய் என்று கேள்விப்பட்டு, நம்மவர்கள் இரவோடிரவாகத் தொங்குபாலத்தின் கயிறுகளை அறுத்ததை நாம் எல்லோரும் எவ்வளவு பாடுபட்டு மறந்திருந்தோம்! நீ ஆறாம் அத்தியாயத்தில் அச்சடித்து வைத்துவிட்டாய். விடுவார்களா? வருடாவருடம் ஈஸ்டர் ஞாயிறன்று துரோகி யூதாஸ் என்று ஒரு பொம்மையை எரிப்போமே, இந்த வருடத்து யூதாஸ் நீதான் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். போன வருடம் அந்தப் பெருமை மின்சார இலாகா எஞ்சினியருக்குக் கிடைத்தது. நீ முன்னேறித்தான் இருக்கிறாய்.

பொம்மை செய்தது நாவிதன் எவாரிஸ்தோ. கம்பியில் மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு கட்டுக் காகிதம், வயிறு நிறையப் பட்டாசு. தலைக்குத் தன் கடையில் பெருக்கிய முடியை ஒட்டினான். ஊரார் அத்தனை பேரின் மயிரும் உன் கூந்தலில் இருந்தது. சதுக்கத்தில் தூக்கி நிறுத்தியபோது உன் அம்மா அந்த வழியாகத்தான் கோயிலுக்குப் போனாள். நின்றாள். "மூக்கு சரியில்ல எவாரிஸ்தோ. எம்பொண்ணுக்கு இன்னும் கூரா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவன் பாவம், கத்தியை எடுத்து மூக்கைச் செதுக்கினான்.

இனி உன் மாமனின் பங்கு. எரிக்குமுன் யூதாஸின் பெயரால் கேலி உயில் எழுதி வாசிக்கும் உலகப் புகழ்பெற்ற பதவி யாரிடம் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நான் உயில் வாசித்தால் அடுத்த மாகாணத்து மாடுகள்கூடச் சிரித்துப் பால் திரிந்துபோகும். எவாரிஸ்தோ வந்து, "டான் ஹெர்மோ, மருமகளாச்சேன்னு கை கூசுதா? வேணும்னா நானே நாலு வரி கிறுக்கிடுறேன்" என்றான். "உன் எழுத்தும் உன் சவரம் மாதிரிதான்டா இருக்கும், ரத்தம் வராம முடியாது. வழியப் பாரு" என்று அனுப்பினேன்.

ஞாயிறு சாயங்காலம் சதுக்கத்தில் ஈ நுழைய இடமில்லை. வழக்கம்போல் ஆரம்பித்தேன். யூதாஸாகிய நான் என் கண்ணாடியை, தராசு முள்ளே கண்ணுக்குத் தெரியாத கசாப்புக்கடைக்காரருக்கு விட்டுச் செல்கிறேன். என் நாக்கை, அவளுக்கு இன்னொன்று தேவையில்லை என்றாலும், பாதிரியாரின் சமையல்காரிக்கு. சிரிப்பில் கோயில் மணி தானாக அடித்தது. பிறகு, "மிச்சமுள்ள சொத்தை ஊர்மக்கள் அனைவருக்கும் சமபாகமாக எழுதி வைக்கிறேன்" என்று சொல்லி, கோட்டுக்குள்ளிருந்து உன் புத்தகத்தை எடுத்து ஆறாம் அத்தியாயத்தைப் பிரித்தேன்.

"இது உயில் இல்ல, மோசடி!" என்று கத்தினான் எவாரிஸ்தோ. தீப்பந்தம் அவன் கையில்தான் இருந்தது. "சட்டம் தெரியுமாடா? உயிலோட கடைசி வரி முடியாம யூதாஸுக்குத் தீ வைக்கக் கூடாது. பந்தத்தத் தாழ்த்திப் பிடி" என்றேன். இந்த ஊர் மீறாத ஒரே சட்டம் அது. தாழ்த்தினான்.

பாலத்தை அறுத்தவர்கள் யாருக்கும் நீ பெயர் வைக்கவில்லை. கத்தி பிடித்தவன், காவல் நின்றவன், விளக்கு பிடித்தவள் என்றுதான் எழுதியிருக்கிறாய். அதனால் ஆளாளுக்கு ஒரே குஷி. "கத்தி பிடிச்சவன் நீதான்டா, அந்த வழுக்கை உன்னுதுதான்!" "என்னைச் சொல்றியா? காவல் நின்னு தூங்கினது உங்கப்பன்டா!" ஒவ்வொருவனும் பக்கத்து வீட்டுக்காரனை அடையாளம் கண்டுபிடித்தான். தன்னைக் கண்டவன் ஒருவன்கூட இல்லை.

பிறகு, அக்கரையில் நோய் கண்ட வீட்டுக் காசில்டா இக்கரையைப் பார்த்துக் கூப்பிடும் பக்கம் வந்தது. "பாலம் வேணாம், நீங்களும் வர வேணாம். உப்பும் சர்க்கரையும் ஒரு பையில கட்டி வீசுங்க, போதும்!" என்று இக்கரையில் நின்ற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதும், யாரும் வீசாததும், அவளுடைய இரண்டு பிள்ளைகளும் போய்ச் சேர்ந்ததும். நானே வாசிக்க முடியாமல் தண்ணீர் கேட்டேன். யாரும் எழுந்து போய்த் தரவில்லை. அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த வருடம் மரகாய்போவில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தேன். அதனால் உத்தமன் என்று அர்த்தமில்லை. ஊரில் இருந்திருந்தால் என் கை எதைப் பிடித்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து உன் அம்மா எழுந்து வந்தாள். என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"விளக்குப் பிடிச்சவ கை நடுங்குச்சுன்னு எம்பொண்ணு எழுதியிருக்கா. அது பொய். விளக்குப் பிடிச்சது நான். என் கை நடுங்கல. சுடர் ஆடக்கூட இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். நீ அறிந்து எழுதினாயா, அறியாமல் எழுதினாயா என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் ரொம்ப இருட்டாக எழுதிவிட்டேன் என்று புலம்புகிறாயே, பெண்ணே, நீ அவளுக்கு இரக்கம் காட்டியிருந்தாய். அந்த இரக்கத்தை அவள் ஊர் நடுவில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

உயிலின் கடைசி வரியை வாசித்தேன். இனிச் சட்டப்படி எரிக்கலாம். குழந்தைகள் பட்டாசு எங்கே என்று அழுதன. எவாரிஸ்தோ தீப்பந்தத்தைக் கொண்டுபோய்க் குதிரைத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தினான். எரியாத யூதாஸை வைக்க இடமில்லாமல் என் கோழிக்கூண்டில் வைத்திருக்கிறேன். அந்தக் கண்ணாடிக்குப் பயந்து ஒரு கோழியும் முட்டையிடுவதில்லை. நஷ்டஈடு பிறகு பேசிக்கொள்வோம்.

மறுவாரம் எவாரிஸ்தோ என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனான். நீந்திக் கடந்தால் முதலையே மூச்சு வாங்கும் அந்த ஆற்றில் அவன் துடுப்புப் போட்ட வேகத்தில் மீன்கள் கரையேறின. காசில்டா வாசலில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. இவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திக்கித் திணறி ஆரம்பித்தான். அவள் நிமிரவே இல்லை. "மன்னிப்பு கேக்க வந்தியா? இப்ப நேரமில்ல, வேலை கெடக்கு. எங்க பக்கத் தூணுங்க அப்படியே நிக்குது. உங்க பக்கம் நட்டுக் கயிறு இழுங்க. பாலம் வரட்டும். மன்னிக்கிறதா வேணாமான்னு நானே நடந்து வந்து சொல்றேன்."

கிளம்பும்போது உன்னைப் பற்றிக் கேட்டாள். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். "பையை எதிர்பாத்து நாங்க இந்தக் கரையில என்ன பட்டோம்னு அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்? பாதிக் கதைய எழுதிட்டுப் போயிட்டா. வரச் சொல்லு, மீதிய நான் சொல்றேன்" என்றாள். உனக்கு இதுவரை வந்த விமர்சனங்களிலேயே இதுதான் சரியானது.

இக்கரையில் தூணுக்குக் குழி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் வரவில்லை. கசாப்புக்கடைக்காரர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உன் அம்மா தினமும் வேலைக்காரர்களுக்கு அரேப்பா சோள ரொட்டி சுட்டுக் கொண்டுபோகிறாள். பாலம் முடிந்ததும் அக்கரைக்கு முதலில் போக வேண்டியது தான்தான் என்கிறாள். தனியாகவா போவாய் என்று கேட்டேன். உன் அறை ஜன்னலைத் திறந்துவிட்டு, மெத்தையை வெயிலில் போட்டாள்.

ஆகையால், மகளே, பதிப்பாளருக்கு ஒரு கடிதம் போடு. பேருந்துக்குச் சீட்டு எடு. வாசலில் வந்து நின்று, சின்ன வயதில் கேட்பாயே, அதேபோல "ஆசி குடும்மா" என்று ஒரு தடவை கேள். அவள் கேட்டுக்கொண்டு கதவருகேதான் இருப்பாள்.

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்.

உன் தாய்மாமன்,
ஹெர்மோகெனெஸ்