அத்தான் வாங்கிய பட்டம்

12.5.1964, செவ்வாய்

அக்கா மகன் கல்யாணப் பத்திரிகை இன்று அச்சாகி வந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுதப் படிக்கத் தேறியதே அக்கா சொல்லிக்கொடுத்துத்தான். அத்தான் பெயருக்குப் பின்னால் எம்.ஏ. என்று போட்டிருந்தது. அக்கா பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

அத்தான் தீப்பெட்டிக் கம்பெனி நடத்துகிறார். எட்டாவதைத் தாண்டாதவர். இருபது வருஷத்துக்கு மேல் டீச்சராக இருந்துவிட்டு, ஐம்பதை நெருங்குகிற வயதில் கண் எரிய எரிய வரலாறு படித்து எம்.ஏ. பாஸானது அக்கா.

"எப்ப அத்தான் பரீச்சை எழுதினீக? எங்களுக்கு ஒரு மிட்டாய்கூடத் தரலையே!" என்றேன்.

வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். "பொம்பளை பேருக்குப் பின்னால பட்டம் போட்டா சம்பந்தி வீட்டுல என்னைய என்ன நினைப்பாக? ஒரே குடும்பந்தானே, யாருக்குப் போட்டா என்ன?"

பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த அக்கா, கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்விட்டாள். மற்றவர்கள் சிரித்தபடியே மீதிக்கும் தடவி முடித்தார்கள். நான் கிளப்பிவிட்ட சிரிப்பு எனக்கே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் பத்திரிகை கொடுக்கக் கிளம்பிய அத்தான் அடுப்படிக்கு வந்து, குரலைத் தணித்துக் கேட்டார். "ஏம்மா, யாராச்சும் கேட்டா சொல்லணும்லா. உங்க அக்கா எதுல எம்.ஏ.?"

அவள் படித்த நாளெல்லாம் இவரும் அதே வீட்டில்தானே இருந்தார்?

"கணக்குல அத்தான்" என்றேன்.

தலையாட்டிக்கொண்டே போனார்.