மொட்டை மரத்தடியில் ஒரு முதுகு

அன்பு ஜுலைகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் நம் மகள் ஷைமாவும் நலமா? அத்தாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? இங்கே ஜப்பானில் எனக்கு ஒரு குறையும் இல்லை, பொறாமையைத் தவிர. வாட்ஸ்அப்பில் நான் எதை அனுப்பினாலும் நீ கட்டைவிரலைத்தான் காட்டுகிறாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

என் அறையில் தங்கியிருக்கும் ஆண்டிமடத்து மகேஷ் மணிக்கணக்கில் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்று போட்டோ எடுத்து இணையத்தில் போடுகிறான். கீழே இந்த ஊர்க்காரர்களின் இலையுதிர்காலக் கவிதை ஒன்றைத் தமிழில் போடுகிறான். போன வாரம் போட்டதில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ‘இலையெல்லாம் போன பிறகு நிழலுக்கு வந்தவன்’ என்று கவிதை. அதற்கு நீ, “தம்பி, பாத்ததும் மனசு அடங்கிப் போச்சு. என்னா ஒரு அமைதி! யாரு அந்த மனுசர்? பாவம், அவரை வூட்டுல தேட மாட்டாங்களா?” என்று உருகியிருக்கிறாய்.

ஜுலைகா, அது நான்தான்.

அமைதியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஈர இலையில் வழுக்கிக் கணுக்கால் சுளுக்கி, எழுந்து நடக்க முடியாமல் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். “அசையாதீங்கண்ணே, வெளிச்சம் நல்லாருக்கு” என்று சொல்லிப் படம் எடுத்து முடித்த பிறகுதான் மகேஷ் கைகொடுத்தான். கால் இப்போது சரி, பயப்படாதே.

அந்த ஸ்வெட்டர் பெரம்பலூரில் நீ பேரம் பேசி வாங்கியது. அதுகூடவா தெரியவில்லை? என் முதுகைப் பார்த்தே எனக்கு வயிறு எரிகிறது.

தைலம் இரண்டு புட்டி அனுப்பு. வேலைக்கு நேரமாகிவிட்டது. மகேஷிடம் கேட்டாயே, வீட்டில் தேடமாட்டார்களா என்று, அதற்கு அவன் என்ன பதில் சொல்வான்? நீதான் சொல்லவேண்டும். கட்டைவிரல் செல்லாது.

உன்
தாஜுதீன்